பேணாட்டின் போத்தல்

பாலையூற்று,
திருகோணமலை.
11.02.1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். நீங்களும் அருள்மலர் மச்சாளும் கொழும்பில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் அனுப்பிய வாழ்த்து கிடைத்ததா? பதில் வரவில்லை, அதனால் கேட்கிறேன். குறையாக எடுக்க வேண்டாம்.

நிற்க. பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற உங்களிடம் ஒரு விஷயம் கேட்கலாம் என்று நினைத்தேன். இவருக்கு உடம்பு சரியில்லை. எட்டு மாதமாக வயிற்றோட்டம். தண்ணீராகப் போகிறது. பூச்சி மருந்து, கஷாயம், ஆஸ்பத்திரிக் குளிசை எதற்கும் நிற்கவில்லை. ஆள் இருபது இறாத்தல் மெலிந்துவிட்டார். அதோடு இன்னொன்று. இருந்தாற்போல் முகம் சுண்ணாம்பாக வெளுக்கும். தலை இடிக்கிறது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சேட்டைக் கழற்றிப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. கால் மணித்தியாலத்தில் எல்லாம் போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேரும்போது பிறெஷர் சரியாக இருக்கும். பார்க்கப்போனால் குறைவாகத்தான் இருக்கும். நரம்புத் தளர்ச்சி என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது கொஞ்ச நாளாக வீட்டில்தான் நிற்கிறார். ஓய்வு நல்லதுதானே.

உங்களுக்குத் தெரிந்த டொக்டர்மார் யாரிடமாவது விசாரித்து இரண்டு வரி எழுதுங்கள். மச்சாளுக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
இன்பமலர்

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
25.02.1979

அன்புள்ள இன்பமலர்,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அருள்மலருக்கு மூக்கடைத்துத் தடிமன் வந்து மாறிவிட்டது. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

நீ எழுதிய குணங்களுக்கு டொக்டர் தேவையில்லை. கை நடுக்கம், வேர்வை, வயிற்றுப்போக்கு, மெலிவு. அப்பாவுக்கும் இவை எல்லாம் இருந்தன. நீ அப்போது சிறுபிள்ளை. அவருடைய வேர்வையைத் துடைத்தவன் நான். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நான். "நான் தொட்டே ஒரு மாதம் மோனே" என்று அவரும் சத்தியம் செய்தவர்தான்.

உன் கலியாணத்துக்கு முன் பேணாட்டை அந்தோனியார் திருநாளன்று எந்த நிலையில் கண்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கலியாணத்துக்கு நான் வரவில்லை. இப்போது அதைச் சொல்லிப் பயனில்லை. பங்குச் சுவாமியிடம் கூட்டிப்போ. மனம்விட்டுப் பேசச் சொல். சாராயத்தை விட்டால் வயிறும் நிற்கும், கையும் நிற்கும்.

கடவுள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

அண்ணன்
யேசுரட்ணம்

*

பாலையூற்று,
02.04.1979

அன்புள்ள அண்ணா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் மச்சாளும் சுகம்தானே?

ஐந்து கிழமை பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் கோபத்தில் எழுதிவிடுவேன் என்று பயம். இப்போதும் கோபம்தான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வந்துவிட்டது. முதல் கடிதத்தில் நான் மறைத்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இவர் ஓய்வில் நிற்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜனவரி பத்தொன்பதாம் திகதி தான் ஓட்டுகிற துறைமுக மோட்டார்ப் படகில், அந்த லோஞ்சில், சீனன்குடாவிலிருந்து பன்னிரண்டு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வந்தவர், ஜெட்டிக்குக் கிட்ட வரும்போது கயிறெடுக்கக் குனிந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அது வந்துவிட்டது. சுக்கானைப் பிடிக்கக் கை கேட்கவில்லை. லோஞ் ஜெட்டித் தூணில் மோதி, ஒரு ஆளுக்குக் கை முறிந்தது. வெளுத்து நடுங்கி வேர்த்து நின்ற மனுசனைத் துறைமுகக் கந்தோரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வாயை மணக்கக்கூட இல்லை. "கடமை நேரத்தில் மதுபோதை" என்று எழுதிவிட்டார்கள். சந்தையில் ஆட்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் நாலு பேரும் சாப்பிடுகிறோம்.

கலியாண நாளிலிருந்து, எட்டு வருடமாக, இந்த மனுசன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. உங்களிடம் இதை எத்தனை தரம் சொல்வது என்று அலுத்துப்போய்த்தான் முதலில் எழுதவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கிணற்றில் வாளியை இழுக்கக் குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார். நான் பக்கத்து வளவுக்கு ஓடினேன். நேர்ஸ் கிறேஸ் அங்கேதான் குடியிருக்கிறா. தன் தாய்க்குப் பார்க்கவென்று பிறெஷர்ப் பெட்டி சொந்தமாக வைத்திருக்கிறா. வந்து கையில் கட்டி ஊதினா. பிறகு கழற்றித் தன் கையில் கட்டிப் பார்த்தா. திரும்பவும் இவருக்குக் கட்டினா.

"ரீச்சர், மெசின் பிழையாக்கும் எண்டு நினைச்சன். எனக்குச் சரியாத்தான் காட்டுது. இவருக்கு மேல இருநூற்று நாப்பது, கீழ நூற்று நாப்பது!"

கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நூற்றுப் பத்து. கிறேஸ் அதை நேரத்தோடு எழுதித் தந்தா. அந்தத் துண்டோடு அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக வந்திருக்கும் டொக்டர் கனகசுந்தரம் அதை வாங்கி இரண்டு மூன்று தரம் வாசித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இவரைப் படுக்கவைத்து ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்.

"இது நரம்பும் இல்லை, குடியும் இல்லை. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதில ஒரு கட்டி வந்து, இடைக்கிடை ஒரு சாரத்தை ரத்தத்தில கொட்டுது எண்டு நினைக்கிறன். லட்சத்தில ஒருத்தருக்கு வாறது. ஆனா இந்த வயிற்றோட்டம் அதோட ஒத்துவரேல்லை. அதுதான் விளங்கேல்லை. மூத்திரத்தைச் சோதிக்கவேணும். அது கொழும்பிலதான் ஏலும்."

எந்த ஆய்வுகூடம் என்று கேட்டேன். உங்களுடையதைச் சொன்னார்.

அண்ணா, நீங்கள் என்னை நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள்.

இன்பமலர்

*

கொட்டாஞ்சேனை,
10.04.1979

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இருநூற்று நாற்பது என்று பார்த்ததும் உன் கடிதத்தை எங்கள் நோயியல் டொக்டர் அம்மாவிடம் காட்டினேன். சோதிக்கலாம் என்கிறார். சொல்வதை அப்படியே செய்யவேண்டும்.

மூன்று நாளைக்கு முன்பிருந்தே தேத்தண்ணி, கோப்பி, வாழைப்பழம் எதுவும் கூடாது. வேறு மருந்து எடுத்தால் டொக்டரிடம் கேட்டு நிறுத்தவேண்டும். காலை ஆறு மணிக்கு முதல் மூத்திரத்தைக் கொட்டிவிடு. அதன்பிறகு மறுநாள் ஆறு மணிவரை ஒரு துளி விடாமல் போத்தலில் சேர்க்கவேண்டும். மண்ணிறப் பெரிய போத்தல். அடியில் கொஞ்சம் அசிட் விடவேண்டும், அதை டொக்டர் கனகசுந்தரம் தருவார். பிள்ளைகள் கிட்டப் போகக்கூடாது. இரண்டு நாளுக்கு இரண்டு போத்தல். இங்கே வந்து சேரும்வரை ஐஸில் இருக்கவேண்டும். எப்படி அனுப்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

போத்தல் பொய் சொல்லாது. அதில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவேன். இல்லாததை உனக்காக எழுதமாட்டேன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மச்சாள் உங்களுக்காகச் செபமாலை சொல்கிறாள்.

யேசுரட்ணம்

*

பாலையூற்று,
29.04.1979

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

போத்தல்கள் புறப்பட்டுவிட்டன. இந்தக் கடிதத்தை முந்திக்கொண்டு அவை வந்து சேரும். கொண்டுவருகிறவர் கிண்ணியா ஸெய்னுதீன் நானா. மூதூர் மீனை ஐஸ்பெட்டியில் கொழும்புக்கு ஏற்றுகிறவர். இவருடைய பழைய கூட்டாளி. இவரை வேலையால் நிறுத்தியபோது ஊரில் தேடி வந்த ஒரே ஆள். நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மீன் பெட்டியில் இதை எப்படி வைப்பது?

"தங்கச்சி, அதுக்கெண்டு தனிப்பெட்டி போடுறன், யோசிக்காதீங்க. பொலிஸ் மறிச்சுத் திறந்து இது என்ன சரக்கு எண்டு கேட்டா என்ன செல்றதெண்டுதான் தெரியல்ல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பேணாட் எனக்கு உசிரு. அல்லாட காவலோட கொண்டு சேப்பன்" என்றார்.

மூன்று நாள் தேத்தண்ணி இல்லாமல் இவர் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. சாராயத்தை விட்டதைவிட இதுதான் கஷ்டம் என்கிறார். எதிர்வீட்டார் மண்ணிறப் போத்தல்கள் லொறியில் ஏறுவதைக் கண்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். பேணாட் வீட்டில் இப்போது போத்தல் வியாபாரமும் நடக்கிறதாம். சொல்லட்டும்.

அங்கே உங்கள் கையில்தான் எல்லாம்.

இன்பமலர்

*

பாலையூற்று,
17.05.1979

அண்ணா,

பதினெட்டு நாளாகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போத்தலை உங்கள் கையிலேயே தந்ததாக ஸெய்னுதீன் நானா சொல்கிறார். வாங்கியதும் உள்ளே போய்விட்டீர்களாம்.

நேற்றுப் பகல் திரும்பவும் வந்தது. இந்தமுறை கால் மணித்தியாலம் இல்லை, நாற்பது நிமிடம். கண் மங்கிவிட்டது. என் முகம் தெரியவில்லை என்றார். கிறேஸ் அளந்தபோது பாதரசம் இருநூற்று அறுபதுக்குப் போனது. சின்னவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

நல்லதோ கெட்டதோ எழுதுங்கள். சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

இன்பமலர்

*

கொழும்பு,
19.05.1979

அன்புள்ள தங்கச்சி,

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் பேணாட்டைக் கொழும்புக்கு அனுப்பு. தனியே வேண்டாம், யாராவது கூட வரட்டும்.

ஏன் சுணங்கினேன் என்றால், மூன்று தரம் சோதித்தேன். மருந்து விட்டவுடன் வெளிறிய ஊதா நிறம் வந்தால்கூட நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். உன் போத்தலுக்கு மை கொட்டியதுபோல் கடும் ஊதா வந்தது. பதினெட்டு வருடத்தில் அந்த நிறத்தை நான் கண்டதில்லை. என் கைப்பிழை என்று நினைத்தேன். பாத்திரங்களைப் புதிதாகக் கழுவி, இரண்டாவது போத்தலில் செய்தேன். அதே நிறம். பிறகு அளவு எடுத்தோம். சுகமான ஆளுக்கு அந்தச் சாரத்தின் கழிவு ஒரு நாளில் ஏழு மில்லிகிராமுக்கு மேல் போகாது. பேணாட்டுக்கு முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. டொக்டர் அம்மா தன் கையால் மூன்றாம் தரம் செய்தார். முப்பத்துநாலு.

டொக்டர் கனகசுந்தரம் சொன்னது சரி. அந்தக் கட்டி இருக்கிறது.

இனிக் கவனமாகக் கேள். அவர் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. யாரும் வயிற்றை அமுக்கிப் பார்க்கக்கூடாது. பல்கூடப் பிடுங்கக்கூடாது. கட்டியைத் தட்டி எழுப்பக்கூடாது, அவ்வளவுதான். வந்ததும் எங்கள் வீட்டில் தங்கட்டும். அறை ஒழுங்காக்கிவிட்டோம். மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

வேறும் சொல்லவேண்டியது உண்டு. இப்போது வேண்டாம்.

யேசுரட்ணம்

*

ஆஸ்பத்திரி வாட்டு 14, கொழும்பு.
24.06.1979

அன்புள்ள மலருக்கும் பிள்ளைகளுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். நீ பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் தனியே இழுக்கிறாய் என்பதுதான் கவலை. சின்னவளுக்கு இருமல் மாறிவிட்டதா?

எக்ஸ்ரேயில் இடது பக்கச் சிறுநீரகம் கீழே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு மேல்தான் ஆள் குந்திக்கொண்டிருக்கிறார். உடனே வெட்டமாட்டார்களாம். முதலில் மூன்று கிழமை குளிசை தந்து அவருடைய கொழுப்பை அடக்கவேண்டுமாம். அந்தக் குளிசையால் மூக்கு எந்நேரமும் அடைத்தபடி. எழுந்து நின்றால் தலை சுற்றும். உப்பும் தண்ணீரும் நிறையத் தருகிறார்கள். ஆனால் வந்த நாளிலிருந்து தலையிடி ஒருநாளும் இல்லை மலர். ஒருநாளும் இல்லை. வயிறு மட்டும் பழையபடிதான்.

உன் அண்ணர் ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு வருகிறார். முதல் கிழமை இவ்வளவுதான். அவர் கதிரையில் இருப்பார், நான் சாப்பிடுவேன், பெட்டியை வாங்கிக்கொண்டு போவார். போன வியாழன் நெடுநேரம் இருந்து கதைத்தார். என்ன கதைத்தோம் என்பதை நான் எழுதமாட்டேன். சொன்னால் அவர்தான் சொல்லவேண்டும். அவர் போன பிறகு நான் நன்றாக நித்திரை கொண்டேன், அதை மட்டும் சொல்கிறேன்.

ஒப்பரேசன் அடுத்த மாதம் மூன்றாம் திகதி. பெரிய டொக்டர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "கட்டியில கை பட்டா பிறெஷர் ஏறும், எடுத்தா விழும். நாங்கள் ரெண்டுக்கும் ஆயத்தமா இருக்கிறம்" என்றார். எனக்கு அது பிடித்தது. கடலைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் கதைப்பார்கள்.

பிள்ளைகளைக் கொஞ்சிவிடு.

பேணாட்

*

கொட்டாஞ்சேனை,
08.07.1979

அன்பான தங்கச்சி,

தந்தி கிடைத்திருக்கும். இன்று அவர் வாட்டுக்குள் நடந்தார். இனி ஆறுதலாக எழுதலாம்.

நான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே கண்ணாடிச் சாடியோடு நின்றேன், கட்டியை வாங்குவதற்கு. எத்தனையோ பேரின் கட்டிகளுக்காக அப்படி நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் சாடியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். உள்ளே நடந்ததை மயக்கமருந்து டொக்டர் பிறகு சொன்னார். கட்டியைத் தொட்டதும் இருநூற்று ஐம்பது. அவர் மருந்தேற்றி இறக்குவதும், அது திரும்ப ஏறுவதுமாக ஒரு மணித்தியாலம். அதிலிருந்து வரும் இரத்தக் குழாயைக் கட்டி அறுத்த நிமிடம், கயிறறுந்த வாளிபோல் அறுபதுக்கு விழுந்ததாம். இரத்தமும் சேலைனும் ஓடவிட்டார்கள். எண்பது. தொண்ணூறு. நூற்றுப் பத்தில் வந்து நின்றதாம். "அதுக்குப் பிறகு அசையேல்லை. நங்கூரம் போட்ட மாதிரி நிண்டுட்டுது" என்றார்.

கட்டி தேசிக்காயிலும் பெரியது, தோடம்பழத்திலும் சின்னது. என் கையில் இன்னும் சூடாக இருந்தது. வெட்டினால் உள்ளே இரண்டு நிறம். ஒரு பாதி மண்ணிறம், மறு பாதி வெளிறிய சாம்பல். துண்டு எடுத்து டைகுரோமேற் என்ற செம்மஞ்சள் உப்புக் கரைசலில் போட்டேன். ஒரு பாதி தேயிலைச் சாயமாகக் கறுத்தது. மறு பாதி கறுக்கவில்லை. டொக்டர் அம்மா நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "யேசுரட்ணம், இதை நீங்களும் பாருங்கோ. ஒரு கட்டிக்குள்ள ரெண்டு குடித்தனம்" என்றார்.

கறுத்த பாதி பிறெஷரை ஏற்றும் சாரத்தைக் கொட்டுவது. மற்றது நரம்பு முடிச்சுப் போன்ற வேறொரு வகை. அது கொட்டுவது குடலை இளக்கி, இரத்தக் குழாய்களையும் தளர்த்துமாம். இதை இங்கிலாந்தில் கண்டுபிடித்தே சில வருடங்கள்தான். இப்போது விளங்குகிறதா? ஒன்று மேலே இழுக்க, மற்றது கீழே இழுத்திருக்கிறது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் பிறெஷர் எப்போதும் நல்லபிள்ளையாக இருந்தது. கனகசுந்தரத்துக்கு ஒத்துவராத வயிற்றோட்டமும் இதே கட்டிதான். ஒப்பரேசன் முடிந்த அன்றோடு வயிறு நின்றுவிட்டது. பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு! கெட்ட சாதிக் கட்டி என்பதற்கு அடையாளம் இல்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், பிறகு வருடத்துக்கு ஒரு தரம், போத்தல் எனக்கு வரவேண்டும். சிலருக்கு மறுபக்கத்திலும் வருமாம். பிள்ளைகளுக்கும் பிறெஷர் பார்த்துவைக்கவேண்டும்.

இனி, பேணாட் உனக்கு எழுதாமல் விட்டது.

போத்தல் வந்த அன்று நான் முதலில் செய்தது டொக்டர் சொன்ன சோதனை அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சத்தை வடித்தெடுத்து, இதே செம்மஞ்சள் உப்பைப் போட்டேன். சாராயம் இருந்தால் அது பச்சையாக மாறும். பச்சையாகும் என்று காத்திருந்தேன். தங்கச்சி, உண்மையைச் சொல்கிறேன், பச்சையாகவேண்டும் என்றே காத்திருந்தேன். எட்டு வருடம் நான் உன் வீட்டுப் படி மிதிக்காதது நியாயமாகிவிடும் அல்லவா? அது மாறவில்லை. இரண்டாவது போத்தலிலும் செய்தேன். மாறவில்லை. அதன்பிறகுதான் மற்றச் சோதனையைச் செய்தேன். ஊதா வந்தது.

இதைப் பேணாட்டிடம் வாட்டில் வைத்துச் சொன்னேன். எழுந்து போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடி என்னிடம் நீட்டியபடி, "உங்கட தேப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடேக்குள்ள உங்களுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார். பதினாறு என்றேன். "நல்லாச் சோதிச்சனீங்கள்" என்றார்.

உன்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அண்ணன்

*

பாலையூற்று,
16.07.1979

அன்புள்ள அண்ணா,

தந்தியை வாசித்துவிட்டு வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பிள்ளைகளும் அழுதார்கள். மூன்றாம் வகுப்பு முழுதும் அழுதது. அதிபர் ஓடிவந்தார். நல்ல செய்தி என்று அவருக்கு விளங்கப்படுத்தவே நேரம் போய்விட்டது.

நீங்கள் எழுதியதை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் கடிதத்தைக் கிழிக்க நினைத்தேன். நாலாம் தரம் ஒன்று தோன்றியது. இந்த ஊரில் அவர் குடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாம் அவரில் அன்பு வைத்தவர்கள். நான், நானா, கிறேஸ். எங்கள் சொல்லுக்குக் கந்தோரில் மதிப்பில்லை. குடித்திருக்கிறார் என்று பிடிக்கப் பார்த்து, முடியாமல் போன ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆகஸ்ட் இருபத்துநாலாம் திகதி விசாரணை. டொக்டர்மாரின் கடிதத்தோடு வரட்டாம். கடிதம் மட்டும் காணாது அண்ணா. நீங்கள் வரவேண்டும்.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்தால் தீரும்.

இன்பமலர்

*

பாலையூற்று,
27.08.1979

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகம் எப்படி? அண்ணா வீடு வந்து சேர்ந்திருப்பார். நடந்ததைக் கேட்டால் "எல்லாம் சரிவந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார் என்று தெரியும். அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

விசாரணை கந்தோரின் மேல்மாடியில் நடந்தது. அதிகாரி ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். டொக்டர் கனகசுந்தரம் வந்து நோயை விளக்கினார். ஸெய்னுதீன் நானாவும் கிறேஸும் நானும் இவருக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தோம். அதிகாரி கடிதங்களை வாசித்துவிட்டு, "நோய் இருந்தது, சரி. நோயாளி குடிக்கமாட்டான் எண்டு இதில எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணா எழுந்தார். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் கறுத்த ரை.

"ஐயா, நான் இவற்ற மனுசியின்ர தமையன். எட்டு வருசமா இந்த வீட்டுக்கு வராதவன். இவர் குடிகாரன் எண்டு முதல் சொன்னது உங்கட கந்தோர் இல்லை, நான்."

அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவற்ற போத்தல் என்ர கைக்கு வந்தது. நான் அதில சாராயத்தைத்தான் தேடினனான். ஒருக்கா இல்லை, ரெண்டு தரம். இருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டுத் தேடினனான். இருக்கேல்லை. இதில ஒரு சொட்டு இருந்திருந்தா, ஐயா, இண்டைக்கு நான் உங்கட பக்கத்தில நிண்டிருப்பன்."

ஆய்வுகூடத்துப் புத்தகத்தின் பிரதியை மேசையில் வைத்தார். திகதி, நேரம், கையொப்பம், கீழே டொக்டர் அம்மா பிறகு பார்த்து வைத்த கையொப்பம். "உங்கட ஆக்கள் அண்டைக்கு என்ன சோதிச்சவை? அதின்ர கடதாசியைக் காட்டுங்கோ" என்று கேட்டார்.

காட்டுவதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது மச்சாள்? எழுதுகிறவர் கோப்பைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோப்பைத் தன் பக்கம் இழுத்து, "மதுபோதை" என்ற சொல்லைத் தன் கையாலேயே வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்தார். நிறுத்திவைத்த நாளிலிருந்து முழுச் சம்பளமும் உண்டு. ஒக்டோபர் முதலாம் திகதி வேலைக்கு வரட்டாம். கை முறிந்த அந்த வேலையாளும் வாசலில் நின்றார். இவரிடம் வந்து, "அண்ணை, நான்தான் குடிவெறி எண்டு முதல் கத்தினது" என்று அழுதுவிட்டார்.

படி இறங்கும்போது நானா அண்ணாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். கொழும்பு ரை எல்லாம் மீன் மணம். அடுத்த நாள் வீட்டில் பெரிய சாப்பாடு. அன்றைக்கு முழுதும் எங்கள் குசினியில் நின்று அண்ணா நண்டு உடைத்தார். பிள்ளைகள் அவருடைய தோளிலேயே கிடந்தார்கள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

நத்தாருக்கு நீங்களும் வாருங்கள். வராவிட்டால் நாங்கள் வந்து தூக்கிக்கொண்டு போவோம்.

அன்பு மறவாத
இன்பமலர்

*

திருகோணமலை.
04.11.1979

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். மச்சாளின் சுகத்தையும் கேட்டு எழுதவும். நான் பதினெட்டு இறாத்தல் கூடிவிட்டேன். மலர் என் பழைய காற்சட்டைகளை அலுமாரியில் தேடி எடுத்துத் தந்தாள். பிறெஷர் நூற்றிருபது. கிறேஸுக்கு இப்போது அதை அளப்பது அலுத்துவிட்டதாம். ஒக்டோபர் போத்தலுக்கு நாலு மில்லிகிராம் என்று நீங்கள் எழுதியதை மலர் பங்குச் சுவாமியிடம்கூடக் காட்டினாள்.

முதல்நாள் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோதுமைக் கப்பல் ஒன்று வந்து வெளியே நின்றது. வாடை தொடங்கமுன்னமே அன்று பலத்த காற்று, துறைமுக வாசலில் நல்ல அலை. கப்பலை உள்ளே கொண்டுவருகிற வழிகாட்டி ஐயாவை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பல் பக்கத்தில் லோஞ்சைப் பிடிக்கவேண்டும். அவர் கயிற்று ஏணியில் கால் வைக்கும் நேரம் லோஞ் ஒரு முழம் விலகினாலும் ஆள் நடுவில் போய்விடுவார். நான் பிடித்தேன். அவர் ஏறினார். மேலே நின்று கையைக் காட்டினார். திரும்பி வரும்போது உள்துறைமுகத்தில் ஒருவரும் இல்லாத இடத்தில், வேண்டுமென்றே நன்றாகக் குனிந்து ஒரு கயிறை எடுத்தேன். நிமிர்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் குனிந்தேன். என்னோடு நின்ற பொடியன் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்தான்.

டொக்டர் அம்மா என் கட்டியைப் பற்றி வைத்தியர்களின் சஞ்சிகையில் எழுதப் போவதாகவும், அதற்கு என் சம்மதம் வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு வகை சேர்ந்த கட்டி உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் என்று வாசித்து மலருக்குப் பெருமை தாங்கவில்லை. பெயர் போடமாட்டார்கள், ஊர் போடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

எனக்குச் சம்மதம். இனி இப்படி வெளுத்து வேர்த்து நடுங்கிக்கொண்டு வருகிற ஒரு ஆளை, எந்த ஊர் டொக்டராவது இதை வாசித்த ஞாபகத்தில் பிறெஷரை அளந்து பார்த்தால் போதும். பெயர் வேண்டாம். கட்டியின் படத்தைப் போடட்டும். விலாவிலுள்ள தழும்பின் படத்தையும் வேண்டுமானால் போடட்டும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நாற்பத்தொரு வயது ஆண் என்று முதல் வரி தொடங்கும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்த வரியிலேயே, வயதுக்குப் பக்கத்திலேயே, இந்த ஆள் குடிக்கிறதில்லை என்று எழுதச் சொல்லுங்கள். நீங்களே பக்கத்தில் இருந்து எழுதுவியுங்கள். சீமையில் இருக்கிறவர்களும் அதை வாசிக்கட்டும்.

என்றும் உங்கள் மச்சான்
ம. பேணாட்
சுக்கானி